இணைய விளம்பர வேலையை யாரிடம் விடுவது? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் சிறுதொழில் செய்கிறவர்களிடம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக விற்பதில் என்ன சிரமம் என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளில் பலவும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன: எல்லாவற்றையும் நானே செய்ய முடியவில்லை, யாரிடம் எதைக் கொடுப்பது? அந்தக் கேள்விகளை முன்னால் எடுத்துக்கொள்கிறேன்.

கல்லிடைக்குறிச்சி, அப்பளம் போடுபவர்: அண்ணாச்சி, மாவு பிசைவதிலிருந்து பார்சல் கட்டுவது வரை வீட்டுப் பெண்கள் நாங்கள்தான். வீடியோவும் நானே எடுத்துப் போடுகிறேன். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புகிறேன். உதவிக்கு ஆள் வைத்தால் எந்த வேலையை முதலில் கொடுக்கலாம்?

தங்கச்சி, ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு வாரம் போனில் என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "கிலோ என்ன விலை", "பிரண்டை அப்பளம் இருக்கா", "சென்னைக்கு கூரியர் எவ்வளவு" என்று ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். இதற்கு ஆளே வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள்களைப் படமும் விலையுமாகக் கேட்டலாக்கில் ஏற்றிவிடலாம். அடிக்கடி சொல்லும் பதில்களை 'குவிக் ரிப்ளை'யாகச் சேமித்துவிட்டால் ஒரு சொல் தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். ராத்திரி வருகிறவர்களுக்கு "காலையில் பதில் சொல்கிறோம்" என்று தானாகப் போகிற மாதிரியும் வைக்கலாம்.

இதற்கப்புறம் மிஞ்சுவதில் முதலில் கொடுக்க வேண்டியது எடிட்டிங். வீடியோவை நீங்களே எடுங்கள். அப்பளம் தேய்க்கிற கையையும் வெயிலில் பரப்பிக் காயப்போடுவதையும் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கிறவர்தான் எடுக்க முடியும். வெட்டி ஒட்டுவது, எழுத்துப் போடுவது, நேரத்துக்குப் பதிவிடுவது எல்லாம் அம்பாசமுத்திரத்தில் இருந்துகொண்டும் ஒரு பிள்ளை செய்யும்.

அடுத்தது ஆர்டர் எடுப்பது. இதற்காக உங்கள் போனைக் கையில் கொடுக்க வேண்டாம். அதே வாட்ஸ்அப் எண்ணை இன்னும் நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். உதவிக்கு வருகிறவர் தன் கம்ப்யூட்டரிலிருந்தே பதில் சொல்லட்டும். எத்தனை மணிக்குள் பணம் வந்தால் அன்றைக்கே பார்சல், குறைந்தது எத்தனை பாக்கெட், எந்த ஊருக்கு என்ன கூரியர் கட்டணம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு ஆர்டருக்கும் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார், வேலை குறையவே குறையாது.

குறை சொல்லி வருகிற செய்தியை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். "அப்பளம் நொறுங்கி வந்துச்சு" என்று ஒருவர் எழுதினால் பதில் உங்களிடமிருந்தே போகட்டும். பேக்கிங்கை மாற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியவரும் வழி அதுதான்.

பாளையங்கோட்டை, ஜவுளிக்கடை: நாலு வருஷமாக ஒருவர் எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைக் கவனித்து வந்தார். இப்போது ஒத்துவரவில்லை. பக்கத்தைத் திறந்தது அவர், விளம்பரக் கணக்கும் அவருடையது. திருப்பித் தர மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

அண்ணாச்சி, இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நல்ல கடைகள் இதில் மாட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனசு ஆறுவதில்லை.

முதலில் அவருக்குத் தர வேண்டிய பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள். அப்புறம் எழுத்தில் கேளுங்கள்: உங்கள் ஃபேஸ்புக் கணக்கைப் பக்கத்தில் சேர்த்து முழுக் கட்டுப்பாடு தர வேண்டும். அது கிடைத்த பிறகு அவரை நீக்கிவிடலாம். சண்டையில் தொடங்கினால் ஒரே பட்டனில் அவரால் பக்கத்தை மறைத்துவிட முடியும். கூகுள் மேப்பில் உங்கள் கடையும் அவர் கையில் இருந்தால் அங்கே வழி இருக்கிறது. கடையின் பதிவில் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். அவர் மூன்று நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ள வாய்ப்பு வரும். ஃபேஸ்புக்கில் அவ்வளவு லேசான வழி கிடையாது. கடைப் பெயருக்கான ஆவணங்களோடு முறையிடலாம், ஆனால் நாளாகும். மசியவே இல்லை என்றால் புதுப் பக்கம் தொடங்கி, பில்லிலும் துணிப்பையிலும் கடை வாசலிலும் அதன் கியூஆர் கோடை அச்சடித்துவிடுங்கள். தினமும் கடைக்கு ஆள் வருகிற உங்களுக்கு அது நடக்கிற காரியம்தான்.

இனிமேல் எப்படி இருக்க வேண்டும் என்றால், கடையின் பெயரில் மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பை நடத்துகிற நிறுவனம்) பிசினஸ் கணக்கு ஒன்று. அதில் முழுக் கட்டுப்பாடு உங்களுக்கும், வீட்டில் இன்னொருவருக்கும். ஒருவர் கணக்கு முடங்கினாலும் மற்றவர் உள்ளே போகலாம். வேலை செய்கிற நிறுவனத்தை 'பார்ட்னர்' என்று சேர்த்து, பதிவிடுவது, பதில் சொல்வது, விளம்பரம் ஓட்டுவது என்று தேவையான அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும். விலகினால் நீக்கிவிட்டால் போதும். விளம்பரக் கணக்கு உங்களுடையது, பணம் போகிற கார்டும் உங்களுடையது. ஏற்கெனவே ஓடிய விளம்பரங்களின் கணக்குவழக்கு பழைய ஆளின் கணக்கிலேயே தங்கிவிடும், கைவிட்டுப் போன மாதிரிதான். இணையதளப் பெயர் வாங்கும்போது கடையின் மின்னஞ்சலில் வாங்குங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டு, ஓடிபி வீட்டுப் போனுக்கு வரும்படி வையுங்கள். பாஸ்வேர்டு கொடுத்தால்தான் வேலை செய்வேன் என்கிறவரை வைத்துக்கொள்ள வேண்டாம், முறையான வேலைக்கு அது தேவையே இல்லை.

லோகோவின் மூலக் கோப்பு, எடிட் செய்யாத வீடியோக்கள் இவற்றை மாதாமாதம் உங்கள் டிரைவில் போடச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் தனியாக உங்களிடம் இருக்கட்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பி விற்றவர்களுக்குத் தங்கள் வாடிக்கையாளர் யார் என்றே தெரியாமல் போனது.

பத்தமடை, பாய் விற்பனை: ஒரு நிறுவனம் மாதம் 15,000 ரூபாய் கேட்கிறது. மூன்று மாதத்தில் பத்தாயிரம் ஃபாலோயர் என்கிறார்கள். நம்பலாமா?

ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்துப் பேசுகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: எனக்குப் பாய் வாங்குகிற மாதிரி எத்தனை பேர் விசாரிப்பார்கள்? புவிசார் குறியீடு பெற்ற உங்கள் கோரைப்பாயில், மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாயைத் தேடுகிறவர் பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ இருப்பார், அல்லது வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்க்காரராக இருப்பார். காசுக்குச் சேர்க்கிற பத்தாயிரம் பேரில் இவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த 15,000 ரூபாயில் விளம்பரத்துக்குப் போவது எவ்வளவு, அவர்கள் சம்பளம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டையும் கலந்து சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். விளம்பரச் செலவுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. உங்களிடம் ஜிஎஸ்டி எண் இருந்தால் விளம்பரக் கணக்கில் அதைப் பதிந்துவிடுங்கள், உள்ளீட்டு வரியாக, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் மூன்று விவரம் போதும்: எத்தனை பேர் விசாரித்தார்கள், ஒரு விசாரிப்புக்கு எவ்வளவு செலவானது, அதில் எத்தனை ஆர்டர் ஆனது. 'ரீச்' (எத்தனை பேர் பார்த்தார்கள்), 'இம்ப்ரெஷன்' (எத்தனை தடவை காட்டப்பட்டது) என்று பத்துப் பக்கம் அனுப்பினால் இந்த மூன்றும் எங்கே என்று தேடுங்கள். மூன்றாவது விவரம் உங்களிடம்தான் இருக்கும், அதை நீங்கள் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எந்த விளம்பரம் விற்றது என்று அவர்களுக்கும் தெரியாது.

ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் நீங்களே ஒரு பத்து நாள், தினம் 300 ரூபாய் வைத்து, தொட்டால் வாட்ஸ்அப்புக்கு வருகிற விளம்பரத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு விசாரிப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று கையில் ஒரு கணக்கு இருந்தால் பேரம் பேசுவது வேறு மாதிரி இருக்கும்.

நாங்குநேரி, உரக்கடை: அக்கா மகன் காலேஜ் படிக்கிறான். அவன்தான் எங்கள் பக்கத்தைப் பார்க்கிறான். சினிமா மீம்ஸாகப் போடுகிறான். அக்கா மனசு கோணாமல் எப்படிச் சொல்வது?

பையனுக்குச் சம்பளம் கொடுங்கள், அண்ணாச்சி. சின்னத் தொகையாக இருந்தாலும் மாதம் தவறாமல் கொடுத்தால், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை வரும், செய்வதற்கு அவனுக்குப் பொறுப்பு வரும். சொந்தக்காரப் பிள்ளைதானே என்று சும்மா வாங்குகிற வேலையில் குறை சொன்னால்தான் அக்கா வரைக்கும் போகும்.

அப்புறம், "நல்லா போடு" என்று சொன்னால் அவனுக்கு என்ன விளங்கும்? உங்களிடம் வருகிற விவசாயி இந்த வாரம் என்ன கேட்டார் என்று சொல்லுங்கள். வாழையில் இலை மஞ்சளாவது, கார் பருவ நடவுக்கு முன்னால் என்ன உரம், அடுத்த நெல் பருவமான பிசானத்துக்கு எந்த விதை. கடையில் நீங்கள் சொல்கிற பதிலை அப்படியே ஒரு நிமிஷ வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் டீ குடிக்கிற நேரத்தில் அடுத்த வாரப் பதிவுகளைப் பார்த்துச் சரி சொல்லிவிடுங்கள். மற்ற நாள் அவன் போக்கில் விடுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் கூப்பிட்டுத் திருத்தினால் எந்தப் பிள்ளையும் ஓடிப்போவான்.

குற்றாலம், தங்கும் விடுதி: சீசனுக்கு முன்னால் கூகுளில் ஐம்பது ஐந்து நட்சத்திர ரிவ்யூ போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். எல்லாரும் செய்கிறார்கள் என்கிறார்.

வேண்டாம். போலி ரிவ்யூ கூகுள் விதிக்கு எதிரானது. கண்டுபிடித்தால் அவற்றை நீக்குவதோடு, புது ரிவ்யூ வராமலும் உங்கள் பதிவைக் கொஞ்ச காலம் முடக்கலாம். ஜூனில் சீசன் தொடங்குகிற நேரத்தில் அப்படி ஆனால் வருஷமே போய்விடும்.

அந்தப் பணத்தில், காலையில் ஒரு பையனை அனுப்பி மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலத்தில் இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எடுத்துத் தேதியோடு போடச் சொல்லுங்கள். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்தால் அதையும் போடுங்கள். போன வருஷத்து வீடியோவைப் பார்த்துக் குடும்பத்தோடு கிளம்பி வந்து ஏமாந்தவர்கள் நிறைய. உண்மையைச் சொன்ன விடுதியை அவர்கள் மறக்க மாட்டார்கள். அறையைக் காலி செய்யும்போது ரிவ்யூ கேளுங்கள், மனசார எழுதுவார்கள்.

உடன்குடி, கருப்பட்டி: யூடியூபில் பேசுகிற ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு, "இதைச் சாப்பிட்டால் சர்க்கரை வராது" என்று சொல்லித் தருகிறேன் என்கிறார்.

அந்த வார்த்தை உங்கள் பொருளோடு சேர்ந்து வரவே கூடாது. கருப்பட்டியும் இனிப்புதான். அதை நம்பி ஒரு நோயாளி சாப்பிட்டால் அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். சட்டமும் சும்மா விடாது: 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவுப்படி, தவறாக வழிநடத்துகிற உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பணம் வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். சம்மதித்தால், பனையேறுகிறதையும் பதநீர் காய்ச்சுகிறதையும் நேரில் வந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். கலப்படக் கருப்பட்டிக்குப் பயப்படுகிற ஆளுக்கு அதைவிட வேறு என்ன காட்டிவிட முடியும்?

மேலப்பாளையம், தையல் கடை: பதிவுகளை ஏஐ வைத்து எழுதலாமா?

யோசனை கேட்கலாம், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லலாம். அது எழுதியதை அப்படியே போட்டால் எந்த ஊர்க் கடை என்றே தெரியாது. உங்களிடம் வருகிற பெண்கள் அளவு கொடுக்கும்போது எப்படிக் கேட்கிறார்களோ அந்தப் பேச்சில் எழுதுங்கள்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: இந்த வேலையையே தொழிலாகச் செய்ய ஆசை. நாற்பதாயிரம் கட்டிப் படிக்கச் சொல்கிறார்கள். சேரலாமா அண்ணாச்சி?

இப்போது வேண்டாம் அம்மா. மெட்டாவின் புளூபிரின்ட், கூகுளின் ஸ்கில்ஷாப் இரண்டிலும் பாடங்கள் இலவசம். மெட்டா ஆட் லைப்ரரி என்று ஒன்று இருக்கிறது, எந்தக் கடை இப்போது என்ன விளம்பரம் ஓட்டுகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நகைக்கடை, அல்வாக் கடை, கோச்சிங் சென்டர் என்று தேடி, எது ரொம்ப நாளாக ஓடுகிறது என்று கவனி. பலன் தராத விளம்பரத்துக்கு யாரும் மாதக்கணக்கில் காசு கட்ட மாட்டார்கள்.

அப்புறம் உன் தெருவில் ஒரு கடையைப் பிடி. கூகுளில் அந்தக் கடையின் நேரம், போன் எண், படங்கள் சரியாக இருக்கிறதா பார். பெரும்பாலும் இருக்காது. கடைக்காரர் கணக்கிலேயே, அவர் உரிமையாளராகவும் நீ மேனேஜராகவும் இருந்து சரிசெய்து கொடு. ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று அதிலேயே தெரியும். முன்னால் எத்தனை, இப்போது எத்தனை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போ. அந்தத் தாளைக் காட்டிச் சம்பளம் கேள்.