ஹோமில் விடுவதற்கு முன்: சில கேள்விகள், பதில்கள்

வடசென்னையில் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்காகப் பல வருடமாக வேலை செய்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில இவை.

காசிமேட்டிலிருந்து ஒரு பாட்டி: மகளும் மருமகனும் தவறிவிட்டார்கள். பேத்திக்கு 11 வயது, பேரனுக்கு 7. மீன் விற்று இரண்டு பேரையும் படிக்கவைக்க முடியவில்லை. ஹோமில் (குழந்தைகள் காப்பகத்தில்) விடட்டுமா?

வேண்டாம்மா. கையில் காசில்லை என்பதற்காக மட்டும் பிள்ளைகளை வீட்டை விட்டுப் பிரிக்கக் கூடாது. 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டமும் காப்பகத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. அதோடு, பையன்களுக்கு ஒரு ஹோம், பெண் பிள்ளைகளுக்கு வேறு ஹோம். அப்பா அம்மாவை இழந்த அக்காவும் தம்பியும் அடுத்து ஒருவரையொருவர் இழப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பார்க்க வரும் நாளில் சாப்பாட்டுத் தட்டோடு கேட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவான். உள்ளே இருந்தால் பாட்டி வந்தது தெரியாமல் போய்விடுமாம்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்துக்குப் போங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உறவினரோடு வளரும் பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. நகரத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாநில அரசின் அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்று அங்கேயே கேளுங்கள். இறப்புச் சான்றிதழ்கள், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ், பள்ளியில் படிக்கும் சான்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு தாள் குறைந்தாலும் இன்னொரு நாள் வியாபாரம் போகும்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர்: தெரிந்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, வளர்க்க வழியில்லை என்கிறார். நாங்களே வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். பணமில்லாமல் வாங்கினாலும் அது தத்து ஆகாது. அந்தப் பெண் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற அவருக்கு இரண்டு மாதம் உண்டு. அந்த அவகாசம் அவருடைய உரிமை, யாரும் அவசரப்படுத்த வேண்டாம். நீங்கள் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவில் (CARA) பதிவுசெய்து காத்திருங்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர்: ரயில்வே ஸ்டேஷனில் தனியாக ஒரு சிறுவனைப் பார்த்தால்?

குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். இரக்கப்பட்டு வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ளாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர்: மகள் பிறந்தநாளுக்கு ஹோமில் பிரியாணி போட்டு போட்டோ எடுக்கலாமா?

சாப்பாடு போடுங்கள், ஹோமில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. பிள்ளைகளின் முகம் தெரியும் போட்டோவை வெளியிடக் கூடாது, சட்டப்படி குற்றம். ஒரு பையன் கையேந்தி நிற்கும் படத்தை நாளைக்கு அவன் வகுப்புப் பையன்கள் பார்ப்பார்கள், அதை யோசியுங்கள். பிறந்தநாள் பணத்தை வாரம் இரண்டு நாள் கணக்கு டியூஷனுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஹோமில் வளரும் ஒரு தம்பி: ஆறு மாதத்தில் 18 முடிகிறது. அப்புறம் எங்கே போவேன்?

தெருவுக்கு இல்லை தம்பி. 21 வயது வரை பின்காப்புக்கு வழி இருக்கிறது: தங்க இடம், தொழில் பயிற்சி, நிதி உதவி. இப்போதே கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்து நலக் குழுவுக்கு அனுப்பச் சொல். ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ், டி.சி. நான்கும் கையில் வராமல் அங்கிருந்து கிளம்பாதே.