ஆறு பாடகர்களும் ஒரு சித்தப்பாவும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் அண்ணன் மகளை பெங்களூரில் ஒரு பாப் இசை நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போனேன். பிளஸ் டூ படிக்கிறாள். தனியாக அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. அண்ணனுக்குக் கூட்டம் ஆகாது. கடைசியில் என் தலையில் விழுந்தது. ஒரே மாலையில் ஆறு பேர் பாடினார்கள். ஒருவர் பெயரைக்கூட நான் அதற்குமுன் கேட்டதில்லை. தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே தண்ணீரைக் கொள்ளை விலைக்கு விற்றார்கள். முதல் ஐந்து பேர் பாடும்போது இவள் பாதி நேரம் போனைத்தான் பார்த்தாள். ஆறாவதாக வந்த பெண்ணுக்கு மட்டும் அழுதாள், கத்தினாள், முழுக்க வீடியோ எடுத்தாள். அதுவும் ஏழெட்டுப் பாட்டோடு முடிந்துவிட்டது. பெரிய திரையில் வாயசைவு ஒரு பக்கம் போகிறது, பாட்டு ஒரு பக்கம் போகிறது. டேப் போட்டு ஏமாற்றுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். ஈரோடு வந்து சேரும்வரை தூங்கினாள். இறங்கும்போது “தேங்க்ஸ் சித்தப்பா” என்றாள், அவ்வளவுதான்.

தினமும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் அதே பாட்டை இவ்வளவு செலவழித்துப் போய் எதற்குக் கேட்க வேண்டும்? மற்ற ஐந்து பேரைக் காது கொடுத்தும் கேட்காதவளுக்கு இசையில் பிரியம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அடுத்த வருடமும் போகலாம் என்கிறாள். போவதா, வேண்டாமா?

க., ஈரோடு

*

அன்புள்ள க.,

தண்ணீர் பாட்டில் என்று படித்ததுமே உங்கள் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. நானும் உங்கள் கட்சிதான். முறை மட்டும் வேறு, நான் மாமா.

2025 மார்ச் 8, 9 தேதிகளில் மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் லொல்லாபலூசா என்ற இசை விழா நடந்தது. ஜேன்ஸ் அடிக்‌ஷன் என்ற அமெரிக்கக் குழுவின் பெரி ஃபாரல் 1991இல் தன் குழுவுக்கு வழியனுப்பு விழா மாதிரி ஆரம்பித்து, பல குழுக்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கொண்டுபோன நிகழ்ச்சி அது. வழியனுப்பி முப்பது வருடம் தாண்டியும் முடியவில்லை. இடையில் சில வருடம் நின்று போய், 2005 முதல் சிகாகோவின் கிராண்ட் பார்க்கில் நிலைகொண்டது. 2023இல் மும்பைக்கு வந்தது. ஆசியாவில் அதுதான் முதல். இரண்டு நாள், நான்கு மேடை, முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். நாகர்கோவிலில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் என் அக்கா மகள், அத்தனை பெயரில் ஒரே ஒரு பெயருக்காக ரயில் ஏறி வந்தாள். லூயி டாம்லின்சன்.

யார் என்று நானும்தான் கேட்டேன். ஒன் டைரக்‌ஷன் என்று ஐந்து பையன்கள் கொண்ட ஒரு குழு, அதில் லூயியும் ஒருவர். 2010இல் இங்கிலாந்தில் ஒரு டிவி பாட்டுப் போட்டிக்குத் தனித்தனியாகப் பாட வந்து தேறாமல் போனவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் பைத்தியமானார்கள். ஒருவர் 2015இல் விலகினார். மிச்சம் நான்கு பேரும் 2016இல் இடைவேளை என்று சொல்லிப் பிரிந்தார்கள், மறுபடி சேரவே இல்லை. அப்போது இவள் ஆரம்பப் பள்ளியில். குழுவை இவள் கண்டுபிடித்ததே பிளஸ் ஒன்னில்தான். சரி, ஆளுக்கொரு பக்கமாகவாவது பாடிக்கொண்டிருக்கிறார்களே என்று இருந்தால், 2024 அக்டோபரில் அந்த ஐவரில் லியாம் பெயின் பியூனஸ் அயர்ஸில் ஓட்டல் பால்கனியிலிருந்து விழுந்து இறந்துபோனார். வயது 31. அன்றைக்கு இவள் சாப்பிடவில்லை என்று அக்கா போனில் சொன்னபோது, யாரோ வெள்ளைக்காரனுக்கு நம் வீட்டில் துக்கமா என்று நான் சிரித்திருக்கிறேன்.

மும்பைக்கு அனுப்பும்போது அக்கா எனக்குச் சொன்னது இரண்டே விஷயம். “கண்ணை எடுத்திராத. ராத்திரி எதையாவது திங்க வை.” ஆக நான் போனது காவலுக்கு. நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

செம்பூரிலிருந்து குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறி மகாலட்சுமியில் இறங்கினோம். பாலத்திலிருந்து தோபி காட் தெரியும். துவைத்த துணி வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்ததை அவள் நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் நின்று பார்க்கவில்லை, ஓட்டம்தான். கையில் பட்டையைக் கட்டிவிட்டார்கள். உள்ளே காசு செல்லாது, பட்டையில் பணம் ஏற்றி, கடைக்குக் கடை அதைத் தட்டினால்தான் வடா பாவ் வரும். மார்ச் மாத வெயில், நிழல் என்று எதுவும் கிடையாது.

லூயி மேடையேறும் நேரம் நெருங்கியதும் அவள் என் பக்கம் திரும்பி, “மாமா, நீங்க இங்கனயே நில்லுங்க, முன்னால வரண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். காவல்காரர் ஒரு ஸ்பீக்கர் தூண் அருகே நின்றார்.

நின்றதில் உங்கள் டேப் சந்தேகத்துக்கு விடை கிடைத்தது. ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும், ஒளிக்கு அந்தக் கணக்கே இல்லை. மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால் பாட்டு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வினாடி தாமதமாகத்தான் வரும். திரையில் வாய் முதலில் மூடிவிடும். மைதானத்தின் நடுவில் தூண் தூணாக ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள் பாருங்கள், அவையும் வேண்டுமென்றே தாமதித்துத்தான் ஒலிக்கும். அப்படிச் செய்யாவிட்டால் மேடையிலிருந்து வருவதும் தூணிலிருந்து வருவதும் மோதி இரட்டையாகக் கேட்கும். ஆகவே வாயசைவை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பதிவு செய்த ஒலியை அடியில் ஓடவிட்டு மேலே பாடுவது பாப் உலகில் சாதாரணம். உங்கள் சந்தேகம் முழுக்கத் தப்பும் இல்லை, பிடித்த தடயம்தான் தப்பு.

ஏழெட்டுப் பாட்டில் முடித்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருடத்து மத்திய அரசு விதி. ஆறு பேரை அதற்குள் அடைக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் நடுவில் டிரம்ஸை இறக்கி ஏற்ற வேண்டும். பெரிய விழாக்களில் பக்கத்திலேயே இன்னொரு மேடையைத் தயாராக வைத்து இந்த இடைவெளியைச் சமாளிப்பார்கள். நீங்கள் போன இடத்தில் ஒரே மேடை போலிருக்கிறது.

மற்ற ஐந்து பேரைக் கேட்கவில்லை என்ற புகாருக்கு வருகிறேன். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு மெல்லிசைக் குழு வரும். ராத்திரி பத்துக்கு ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும், அந்தக் காலத்தில் விதியாவது ஒன்றாவது. துண்டுச் சீட்டில் பாட்டு எழுதி, கூட ஒரு நோட்டைச் சுருட்டி மேடைக்கு அனுப்புவார்கள். எங்கள் தெருப் பால்காரர் வருடா வருடம் ஒரே சோகப் பாட்டைத்தான் எழுதுவார். அது வரும்வரை மணலில் துண்டை விரித்துத் தூங்குவார். முதல் இசை கேட்டதும் எழுந்து உட்காருவார். முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாலு மணிப் பால் கறக்கப் போய்விடுவார். அவருக்கு இசையில் பிரியம் இல்லை என்று எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. உங்கள் அண்ணன் மகளுக்குத் தூங்கத் துண்டு இல்லை, போன் இருக்கிறது.

வெளியூர் உதாரணமும் உண்டு. 1967 ஜூலையில் அமெரிக்காவில் மங்கீஸ் என்ற குழுவின் நிகழ்ச்சிகளுக்கு முன்பாட்டு பாட அனுப்பப்பட்டவர், பின்னாளில் கிதார் மேதை என்று உலகமே கொண்டாடிய ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அதற்கு முந்தைய மாதம்தான் மாண்டரே விழாவில் கிதாரைக் கொளுத்திப் பேர் வாங்கியிருந்தார். மங்கீஸுக்காக வந்த சிறுமிகளுக்கு அதைப் பற்றி என்ன? அவர் வாசிக்க வாசிக்க, தங்கள் அபிமானப் பாடகர் டேவியை வரச்சொல்லிக் கத்தினார்கள். சில நாளிலேயே ஹெண்ட்ரிக்ஸ் கழன்றுகொண்டார். இன்றைக்கு அந்தச் சிறுமிகளெல்லாம் பாட்டிகளாகி, நான் ஹெண்ட்ரிக்ஸை நேரில் பார்த்தேன் என்று பேரப்பிள்ளைகளிடம் அளந்துகொண்டிருப்பார்கள். உங்கள் அண்ணன் மகள் போனைப் பார்த்தபடி நின்ற அந்த ஐந்து பேரில் யார் எப்படி ஆவார் என்று நமக்கென்ன தெரியும்?

காதில் கேட்பதை எதற்குப் போய்க் கேட்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். அவள் பாட்டுக் கேட்கப் போகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். திரும்பும் ரயிலில் அக்கா மகள் எடுத்த வீடியோவை வாங்கிப் பார்த்தேன். மேடை தீப்பெட்டி அளவு. அதிலும் பாதி, முன்னால் நின்றவனின் முழங்கை மறைக்கிறது. லூயி குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கணீரென்று கேட்பது இவள் குரலும், பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணின் குரலும்தான். அந்தப் பெண்ணுக்குச் சுருதி கொஞ்சமும் சேரவில்லை. “இதெல்லாம் எதுக்கு வச்சிருக்க?” என்றேன். “மாமா, அவ கவுஹாத்தி. அவளுக்கு எல்லா வரியும் தெரியும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாகர்கோவிலில் இவள் வகுப்பில் இந்தப் பாட்டைக் கேட்கிற ஆள் யாரும் இல்லை. வீட்டில் இல்லை, தெருவில் இல்லை. மூன்று வருடமாக ஒரு ஊரில் தனி ஆளாக, காதுக்குள் மட்டும் நடந்துகொண்டிருந்த ஒரு விஷயம். திடீரென்று முன்னாலும் பின்னாலும் ஆயிரக்கணக்கில் அதே வரியைப் பாடுகிறவர்கள். லியாம் செத்தபோது சாப்பிடாமல் இருந்த இன்னும் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அக்கா வீட்டில் துக்கம் கேட்க ஆள் வரவில்லை, நான் சிரிக்க வேறு செய்தேன். லூயி பாடும்போது அக்கா மகள் அழுததில் பாதி அதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. அவளிடம் கேட்கவில்லை.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு இரவு கடைசி நிகழ்ச்சி கிரீன் டே. இது எனக்குத் தெரிந்த பெயர்! 1994இல் மாட்டுங்கா லாட்ஜில் அறைத் தோழன் கேசட் வைத்திருந்தான், பல் விளக்கும்போதுகூட அதுதான் ஓடும். அந்தக் குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் 1972இல் பிறந்தவர், நானும் அதே வருடம். அவர் மேடையில் குதிக்கிறார், நான் முட்டிக்குப் பட்டி போட்டிருக்கிறேன். இருந்தாலும் காவலை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனேன். இரண்டாவது பாட்டிலேயே தொண்டை கட்டிவிட்டது. நடுவில் திரும்பிப் பார்த்தால், அக்கா மகள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு துபாயில் இந்தியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். முந்தின நாள்தான் ஷான் மெண்டிஸ் என்ற பாடகர் கோலியின் பதினெட்டாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து கூட்டத்தைக் கிளப்பிவிட்டிருந்தார். “என்னம்மா, பாட்டுக் கேக்கலியா?” என்று கத்தினேன். “நீங்க கேளுங்க மாமா, நான் இங்கனதான் நிக்கேன்” என்றாள். யாருக்கு யார் காவல் என்று தெரியவில்லை. இந்தியா நான்கு விக்கெட்டில் ஜெயித்தது. ஸ்டேஷனுக்கு நடக்கும்போது தெருவெல்லாம் பட்டாசு.

சரி, அடுத்த வருடம் போங்கள். மருந்துக்கடையில் காதடைப்பான் கிடைக்கும், இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. இம்மாதிரி இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. வேலையிடங்களுக்கான ஒரு அமெரிக்கப் பரிந்துரைப்படி அந்த அளவில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் காது தாங்கும். நீங்கள் நின்றது எவ்வளவு நேரம்? ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் அவளை நிற்க விடாதீர்கள். பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வாசலுக்குள் போகுமுன் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிடுங்கள், அதைப் பிடுங்க முடியாது.

அப்புறம், போவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த ஆறாவது பெண்ணின் பாட்டு நாலைந்தை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்களாகத் தேடாதீர்கள், அவளையே பொறுக்கச் சொல்லுங்கள். நான் இதைத் திரும்பி வந்த பிறகுதான் கேட்டேன். நாகர்கோவில் ரயிலில் உட்கார்ந்தபடியே பதினோரு பாட்டு அனுப்பினாள். இதுவரை நான்குதான் கேட்டிருக்கிறேன். நான்காவது பரவாயில்லை.