பாவெல் விலிகோவ்ஸ்கி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஸ்லோவாக் எழுத்தாளர்களில் ஒருவரைச் சொல்லுங்கள் என்றால் உடனே விலிகோவ்ஸ்கி என்கிறீர்களே, யார் சார் அவர்?

பதில்: 1941இல் ஸ்லோவாக்கியாவின் லிப்தோவ் பகுதியில் பிறந்தவர். பிராகில் சினிமா இயக்கம் படிக்கப் போனார். அதைப் பாதியில் விட்டு, பிராட்டிஸ்லாவாவுக்கு வந்து ஆங்கிலமும் ஸ்லோவாக்கும் படித்தார். 1965இல் முதல் கதைத் தொகுப்பு வந்தது. 2020இல் காலமானார்.

கேள்வி: அடுத்த புத்தகம் 1983இல்தான் வந்ததாமே? 18 வருஷம் சிறையில் இருந்தாரா?

பதில்: இல்லவே இல்லை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வந்தார்! ஸ்லோவாக்கியா அப்போது செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதி. 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் அந்த நாட்டுக்குள் புகுந்தன. அதன் பிறகு எழுத்துலகில் கெடுபிடி இறுகியது. ஆட்சியாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘இயல்பாக்கம்’. விலிகோவ்ஸ்கி தாத்ரன் பதிப்பகத்திலும், பிறகு ‘ரொம்பொய்ட்’ இலக்கிய இதழிலும் ஆசிரியர் குழுவில் இருந்தார், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தார். எழுதியதையோ மேசை இழுப்பறையில் போட்டு வைத்தார். 1983இல் ஒரு துப்பறியும் கதை வெளிவந்தது. 1989இல் ஒரே வருஷத்தில் மூன்று புத்தகங்கள்! அந்த வருஷம் திடீரென்று வேகம் பிடித்து எழுதியதல்ல, முன்பே எழுதிக் காத்திருந்தவை. அதே வருஷம் நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சியும் கவிழ்ந்தது.

கேள்வி: அப்போ மொழிபெயர்ப்பு வெறும் வயிற்றுப்பாடுதானா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபாக்னர், வர்ஜீனியா வுல்ஃப், கான்ராட் என்று, கதையைச் சுற்றி வளைத்துச் சொல்லும் ஆங்கில நாவலாசிரியர்கள் எல்லாம் அவர் மொழிபெயர்த்தவர்கள். வரி வரியாக அவர்களோடு மல்லுக்கட்டியவருக்குக் கதையை நேர்கோட்டில் சொல்ல மனம் வருமா? அவருடைய கதைசொல்லிகள் பேச்சை எங்கோ தொடங்கி, நடுவில் தங்களையே கிண்டலடித்து, வேறெங்கோ போய் நிற்பார்கள். அவருடைய அண்ணன் யான் விலிகோவ்ஸ்கியும் பெயர்பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான், மொழிபெயர்ப்புக் கலை பற்றியே புத்தகம் எழுதியவர்.

கேள்வி: விருதுகள்?

பதில்: 1997இல் ஸ்லோவேனியாவின் விலேனிட்சா இலக்கியப் பரிசு. ஸ்லோவாக்கியாவின் அனாசாஃப்ட் லிதெரா இலக்கிய விருது 2006இல் தொடங்கியபோது முதல் விருதே இவருக்குத்தான். 2014இல் மறுபடியும் வாங்கினார்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். எதில் தொடங்கலாம்?

பதில்: ‘ஃப்ளீட்டிங் ஸ்னோ’. ஜூலியா, பீட்டர் ஷெர்வுட் இருவரும் மொழிபெயர்த்து 2018இல் வந்தது. மனைவிக்கு நினைவு நழுவிக்கொண்டே போகிறது, கணவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இடையிடையே பனிச்சரிவு பற்றிய யோசனைகள். ஐந்து இழைகள் மாறி மாறி வரும். சின்னப் புத்தகம்தான், ஆனால் அவசரப்படாதீர்கள்.

கேள்வி: நான் ‘எவர் கிரீன் இஸ்’ எடுத்து, பத்துப் பக்கத்தில் மூடிவிட்டேன்.

பதில்: 1989இல் வந்த மூன்று புத்தகங்களில் அது ஒன்று. ஒரு கிழட்டு உளவாளியின் ஓயாத பேச்சு. அவன் சொல்வதில் எது உண்மை, எது புளுகு என்றே பிடிபடாது. ஸ்லோவாக் தேசப் பெருமையையும் மத்திய ஐரோப்பிய வரலாற்றையும் போட்டு வாருவதால், பின்னணி தெரியாவிட்டால் பாதி நகைச்சுவை கைநழுவிவிடும். ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு மறுபடி எடுங்கள்.