பார்டர் சுகர்: நாட்டுச்சர்க்கரைக்கு மாறினா போதுமா?

கேள்வி: அக்கா, வயசு 41, எடை 78 கிலோ, திருப்பூர் பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை. செக்கப்ல ஃபாஸ்டிங் 112, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 6.1ன்னு வந்துச்சு. சுகர் இன்னும் வரல, பார்டர்தான்னு சொன்னாங்க, மாத்திரை தரல. அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். வீட்ல இப்ப நாட்டுச்சர்க்கரை, காலைல கேழ்வரகுக் கஞ்சின்னு மாறிட்டோம். இது போதுமா?

பதில்: போதாது தம்பி. நாட்டுச்சர்க்கரைக்கு கலர் வேற, வாசனை வேற, ஆனா ரத்தத்துல கலந்துட்டா அதுவும் சர்க்கரைதான், கருப்பட்டியும் அப்படித்தான், இதுல வம்பு என்னன்னா 'இது நல்லதுதானே'ன்னு ஒரு ஸ்பூன் கூடவே போட்டுக்கிறோம். கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனா மாவாக்கி கஞ்சியா குடிச்சா சீக்கிரம் செரிச்சு சுகர ஏத்திடும், சின்ன டம்ளரோட நிறுத்திட்டு கூட ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ வெச்சுக்கங்க.

பார்டர்தான்னு கேட்டதும் நிம்மதியாயிட்டீங்க பாருங்க, எனக்கு அங்கதான் பயம். சென்னைல டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு இப்படி பார்டர்ல இருந்த 531 பேர வெச்சு ஆய்வு பண்ணி 2006ல வெளியிட்டாங்க. வழக்கம்போல இருந்தவங்கள்ல 3 வருஷத்துல 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துடுச்சு, நடை சாப்பாடு ரெண்டையும் சரி பண்ணவங்கள்ல 39 சதவீதம், மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 39ம் பெரிய நம்பர்தானேன்னு கேப்பீங்க. ஆமா, அப்பா வழில வர்றது வரவே வராதுன்னு யாராலயும் கேரண்டி தர முடியாது, ஆனா பத்து வருஷம் தள்ளிப் போச்சுன்னா கிட்னிக்கும் கண்ணுக்கும் அது எவ்ளோ லாபம்.

உங்க லெட்டர்ல மதிய சாப்பாட்ட பத்தி ஒரு வரி கூட இல்ல, அதான் இடிக்குது. டிபன் பாக்ஸ்ல முக்கால்வாசி சோறு, ஓரத்துல ரெண்டு ஸ்பூன் பொரியல், அப்படித்தானே? பாதி காய் இருக்கட்டும், கால்வாசி பருப்பு இல்ல முட்டை இல்ல மீன், மிச்ச இடத்துலதான் சோறு. சோத்த விட்டுட்டு அஞ்சு சப்பாத்திய உள்ள தள்ளிட்டு டயட்டுங்கறவங்ககிட்ட நான் சண்டையே போட்டிருக்கேன். அப்புறம் அந்த 11 மணி, 4 மணி பேக்கரி. உங்க ஊர்ல அது இல்லாம ஆபீஸ் ஓடாதுன்னு தெரியும், போங்க, சர்க்கரை இல்லாத டீ குடிங்க, பப்ஸும் தேங்கா பன்னும் வேணாம், கொஞ்சம் வறுத்த கடலை போதும்.

நாள் பூரா சேர்லயே உக்காந்திருக்கறவர் நீங்க. ராத்திரி சாப்பிட்டதும் போனோட படுக்காம ஒரு 15 நிமிஷம் தெருவுல நடங்க, தசை வேலை செஞ்சா ரத்தத்துல இருக்கிற சர்க்கரைய அதுவே இழுத்துக்கும். மொத்தமா வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கணும். எடைல 7 சதவீதம், உங்களுக்கு சுமார் அஞ்சரை கிலோ, குறைஞ்சாலே நல்ல வித்தியாசம் தெரியும், அதுவும் தொப்பை குறையணும், நம்ம ஆம்பளைங்களுக்கு இடுப்பு 90 செ.மீ. தாண்டக் கூடாது.

3 மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி மறுபடி எடுங்க. 6.5 வந்துட்டா டாக்டரப் பாக்காம தள்ளிப்போடாதீங்க, மாத்திரை எழுதினா சாப்பிடுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. கையோட பிபி, கொலஸ்ட்ராலும் பாத்துடுங்க, இதெல்லாம் பெரும்பாலும் கூட்டாதான் வரும், பிபி சுகர் ரெண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துல காசு வாங்காமலே பாக்கறாங்க.