பென்சில் குறிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் ஒமாஹாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கே எர்னி சேம்பர்ஸ் என்று ஒருவர், நெப்ராஸ்கா மாநில சட்டமன்றத்தில் 46 வருடம் இருந்திருக்கிறார். கடவுள் மேலேயே கேஸ் போட்ட ஆள். ஒருவரே இத்தனை காலம் பதவியில் இருப்பது சரியா? பதவிக்கால வரம்பு நல்லதுதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டு வருடம் அந்த ஊரில் இருந்துவிட்டு கடவுள் கேஸ் மட்டும்தான் உங்கள் காதில் விழுந்ததா? 2007ல் போட்டார், கோர்ட் கதவு எவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று காட்ட. பிரதிவாதிக்கு விலாசம் இல்லை, சம்மன் சார்பு செய்ய முடியாது என்று அடுத்த வருடம் தள்ளுபடி ஆனது. எல்லாம் அறிந்தவருக்கு நோட்டீஸ் எதற்கு என்று இவர் கேட்டார். அதோடு விடுங்கள்.

போன வாரம் பரணில் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அலுவலக விதிமுறைப் புத்தகம், ஓரமெல்லாம் பென்சில் குறி. அப்பா கிளார்க். பாட்டி சாவுக்கு விடுப்பு மறுத்த அதிகாரியின் மேஜையில் ஒன்றும் பேசாமல் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்தார். சாயங்காலமே கையெழுத்து கிடைத்தது. மூன்றாம் மாதம் இடமாற்றமும் கிடைத்தது.

உங்கள் கடிதம் அப்போதுதான் வந்தது. சேம்பர்ஸ் வடக்கு ஒமாஹாவில் முடிதிருத்திக்கொண்டிருந்த கறுப்பர். சட்டம் படித்தும் வக்கீல் சங்கத்தில் சேர மறுத்து, தொழில் செய்யாமல் விட்டவர். அங்கே ஒரே அவை, 49 பேர், கட்சிப் பெயரில் போட்டியில்லை. இவருக்குப் பின்னால் நிற்க ஒரு கட்சியும் கிடையாது. இருந்தது அவை விதிகள்தான். திருத்தத்துக்கு மேல் திருத்தம் கொடுத்து மணிக்கணக்கில் பேசுவார், கடிகாரம் ஓடும், தன் மசோதா செத்துவிடுமோ என்று பயந்தவர்கள் இவரிடம் வந்துதான் ஆகவேண்டும். முரட்டு வேலை என்பீர்கள். ஆமாம், முரட்டு வேலைதான்! தனி ஆளுக்கு வேறென்ன இருக்கிறது? நிறவெறித் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1980ல் முதலீட்டை விலக்கிக்கொள்ள முதலில் முடிவெடுத்த அமெரிக்க மாநிலம் நெப்ராஸ்கா, அது இவர் செய்தது. மரண தண்டனையை ஒழிக்கும் மசோதா 1979ல் அவையில் நிறைவேறியும் ஆளுநர் தடுத்துவிட்டார். 2015ல் மறுபடியும் ஆளுநர் தடுத்தார், அதை மீற 30 ஓட்டு வேண்டும், சரியாக 30 விழுந்தது. நடுவில் 36 வருடம், கிட்டத்தட்ட ஒவ்வொரு வருடமும் அதே மசோதாவைக் கொண்டுவந்துகொண்டே இருந்திருக்கிறார். 2016ல் மக்களே ஓட்டுப் போட்டு தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்ததும் எனக்குத் தெரியும், அதற்காக இன்னொரு கடிதம் எழுதிவிடாதீர்கள்.

பதவிக்கால வரம்பா? 2000ல் அதைக் கொண்டுவந்ததே இவரை வெளியே அனுப்பத்தான் என்று அங்கே பலர் சொல்வார்கள். 2009ல் போனார், நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்தார்.

அப்பாவின் புத்தகத்தில் அந்த விடுப்புப் பக்கம் மட்டும் தனியாகக் கழன்று வருகிறது. பசை போட்டால் ஓரத்தில் உள்ள பென்சில் அழிந்துவிடுமோ என்று அப்படியே வைத்திருக்கிறேன்.