பழைய பென்சில் ஸ்கெட்ச்களில் உடை மேல் ஏன் எழுதி வைத்திருக்கிறார்கள்?

அது கிறுக்கல் இல்லை, நிறக் குறிப்பு. பென்சிலில் சிவப்பு, பச்சையெல்லாம் வராது இல்லையா, அதனால் உருவத்தைச் சட்டென்று கோட்டில் பிடித்துவிட்டு, அங்கியின் மேலேயோ பக்கத்திலேயோ இன்ன நிறம் என்று எழுதி வைத்துக்கொள்வார்கள்.

நல்ல உதாரணம் பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா. 1832இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு மொராக்கோ போனவர், ஆள் நின்று போஸ் கொடுக்கும் வரை காத்திருக்க முடியாத இடங்களில் தலைப்பாகை எப்படிச் சுற்றியிருக்கிறது, அங்கி தோளிலிருந்து எப்படி விழுகிறது, பெல்ட் எங்கே கட்டியிருக்கிறது என்று நோட்டுப் புத்தகங்களில் வரைந்து தள்ளினார். முகம் பல இடத்தில் நாலு கோடுதான், துணி மடிப்புக்குத்தான் கவனிப்பு முழுக்க. வாட்டர்கலர் சிலவற்றில் அப்புறம் ஏறியது. திரும்பும் வழியில் அல்ஜியர்ஸிலும் சில நாள் இறங்கினார், அங்கே எடுத்த குறிப்புகளை வைத்துப் பாரிஸில் உட்கார்ந்து தீட்டியதுதான் 1834இல் வந்த 'அல்ஜியர்ஸ் பெண்கள்', இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்டுடியோவில் நிதானமாக உட்கார்ந்து வரையும் பென்சில் வேலை வேறு ரகம். இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஆங்க்ர் ரோமில் வரைந்த உருவப்படங்களைப் பாருங்கள், முகம் நுணுக்கமாக இருக்கும், மேல்கோட்டும் கவுனும் ஓரிரு கோட்டில் ஓடிவிடும். எனக்கென்னவோ அந்த முடிக்காத கவுன்கள்தான் பிடிக்கும்.

இன்னொன்று, களிமண்ணும் கிராஃபைட் என்ற கறுப்புக் கனிமமும் கலந்து சுட்ட குச்சியில் செய்யும் பென்சிலுக்கு, கோந்தே (Conté) என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கியது 1795இல். களிமண் கூடினால் குச்சி கடினமாகும், கோடு மெலிதாக விழும்.