மேல் ஸ்தாயியும் தொண்டையும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மேல் ஸ்தாயியில், அதாவது உயர்ந்த ஸ்வரங்களில் பாடும்போது தொண்டை ஏன் கட்டிக்கொள்கிறது என்றுதான் பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள், டாக்டர் இல்லை. பாடும்போது வலி இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அக்கா, மேல் சட்ஜமம் (மேல் ‘ஸ’) வரை நன்றாக வருகிறது. அதைத் தாண்டினால் கத்தினால்தான் வருகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாடிப் பழகினால் சரியாகிவிடுமா?

ஆகாது. அந்த அழுத்தம்தான் சிக்கலே. தொண்டைக்குள் அதிர்ந்து குரல் எழுப்புகிற குரல்நாண்கள் ரொம்பச் சின்னவை, ஆண்களுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. கட்டை என்பது ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ‘ஸ’வாக வைத்துப் பாடுகிறோம் என்கிற சுருதிக் கணக்கு. 1 கட்டையில் பாடுகிற ஆண் மேல் சட்ஜமத்தில் நின்றால் அவை நொடிக்குச் சுமார் 262 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. 5 கட்டையில் பாடுகிற பெண்ணுக்கு அதே இடத்தில் 392, மேல் பஞ்சமத்துக்கு (மேல் ‘ப’) போனால் 587. ரப்பர் பேண்டை இழுத்து மீட்டினால் சத்தம் மேலே போகிறதே, அந்த மாதிரி நாணும் நீண்டு மெலிந்தால்தான் சுருதி ஏறும். நீட்டுகிற தசை வேறு, கீழ் ஸ்வரங்களில் நாணைத் தடிமனாக வைத்திருக்கிற தசை வேறு. கத்தும்போது என்ன நடக்கிறது என்றால், தடித்த நாணை அப்படியே வைத்துக்கொண்டு காற்றை முட்டி முட்டி மேலே ஏற்றுகிறீர்கள். ஸ்வரம் வரத்தான் செய்யும், ஆனால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும்.

பக்கத்தில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு அந்த ஸ்வரத்தைச் சின்னக் குரலில் பிடித்துப் பாருங்கள். சத்தமாக மட்டும்தான் வருகிறது என்றால் அந்த ஸ்வரம் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்று அர்த்தம். முதலில் மெதுவாக வரட்டும், கனத்தை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

மெதுவாகப் பாடினால் கள்ளக்குரல் (falsetto) ஆகிவிடுகிறதே. அது கூடாது என்று என் வாத்தியார் சொல்கிறார்.

மேடையில் கூடாது என்று சொல்லியிருப்பார், அது ரசனை சார்ந்த விஷயம், அவர் பாணியை மதியுங்கள். பயிற்சிக்கு அது கெடுதல் இல்லை. கள்ளக்குரலில் நாணின் விளிம்பு மட்டும்தான் அதிர்கிறது, நீட்டும் தசைக்கு அது நல்ல வேலை. 1 கட்டை ஆண்கள் பலருக்கு மேல் காந்தாரம், மத்யமம் (‘க’, ‘ம’) பக்கத்தில் குரல் தடுக்கும். கீழிருந்து ஏறி அந்த இடத்தோடு சண்டை போடுவதைவிட, மேலே கள்ளக்குரலில் ‘ஊ’ என்று ஆரம்பித்து வழுக்கிக்கொண்டே கீழே வாருங்கள். நடுவில் உடைந்தால் உடையட்டும், மறைக்கப் பார்க்காதீர்கள். நாளடைவில் அந்த உடைசல் சின்னதாகும், கள்ளக்குரலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் பிடிக்கும்.

தினமும் செய்ய ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள், நேரம் இல்லை.

ஸ்ட்ரா. பாதி டம்ளர் தண்ணீரில் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு ஸ்ட்ராவை விட்டு, உதட்டை இறுக்கி மூடி, அதன் வழியாகவே ‘ஊ’ என்று குரல் கொடுங்கள். குமிழி சீராக வர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் மூச்சு தடுமாறுகிறது, தண்ணீர் கொந்தளித்தால் காற்றை அதிகமாகத் தள்ளுகிறீர்கள். மூக்கைப் பிடித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது. இப்போது கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஸ்வரம் பிரிக்காமல் வழுக்கிக்கொண்டே போய் வாருங்கள், பிறகு பாட்டில் உங்களை மிரட்டுகிற அந்த வரியையும் ஸ்ட்ராவிலேயே பாடுங்கள். வாய்ப்பக்கம் வழி குறுகுவதால் காற்று திரும்பி நாண்களை மெல்ல விலக்கிப் பிடிக்கிறது, மோதல் குறைகிறது, அதனால்தான் வாயைத் திறந்தால் எட்டாத ஸ்வரம் ஸ்ட்ராவில் சுலபமாக எட்டும். ஐந்து நிமிடம் போதும். ஸ்ட்ரா இல்லாத இடத்தில் உதட்டைப் ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவிட்டுச் செய்யலாம்.

அடிவயிற்றிலிருந்து பாடு என்கிறார்கள். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தால் கழுத்து நரம்பு புடைக்கிறது.

யாரும் உங்களை வயிற்றைக் கல்லாக்கச் சொல்லவில்லை. மூச்சு எடுக்கும்போது வயிறும் கீழ் விலாவும் விரியட்டும், தோள் ஏறக் கூடாது. பாடும்போது விலா உடனே சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இன்னொன்று, உச்சத்துக்குப் போகும் முன் நெஞ்சு நிறையக் காற்றை ரொப்பிக்கொள்வது நிறையப் பேரின் பழக்கம். அத்தனை காற்றையும் தொண்டைதான் தடுத்து நிறுத்தியாக வேண்டும். பாதி மூச்சில் அதே வரியைப் பாடிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

அகாரத்தில் (‘ஆ’ என்று பாடினால்) மேலே வருகிறது, ‘ஈ’, ‘ஊ’ வந்தால் மட்டும் நெரிபடுகிறது.

கீழ் ஸ்வரங்களில் சொல்வது போலவே மேல் ஸ்வரங்களிலும் ‘ஈ’யை இறுக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை. தாடையை இறக்கி ‘எ’ பக்கமாகக் கொஞ்சம் சாயவிடுங்கள், ‘ஊ’வை ‘ஓ’ பக்கம். கேட்பவருக்குச் சொல் சரியாகத்தான் விழும். கட்டை விரலைத் தாடைக்கு அடியில், எலும்புக்குப் பின்னால் இருக்கும் மெத்தென்ற இடத்தில் வைத்துக்கொண்டு பாடுங்கள். மேலே போகப் போக அந்த இடம் விறைத்து விரலைத் தள்ளினால் நாக்கின் வேர் குரல்வளையை அழுத்துகிறது. நாக்கு நுனி கீழ்ப்பல்லின் பின்னால் சும்மா கிடக்கட்டும்.

சாதகம் (பாட்டுப் பயிற்சி) முடிந்ததும் கரகரப்பு இருக்கிறது, காலையில் சரியாகிவிடுகிறது. எவ்வளவு வரை பரவாயில்லை?

அடிக்கடி நடக்கிறது என்றால் பரவாயில்லை என்று விட முடியாது. தினமும் காலையில், குரல் கொஞ்சம் தெளிந்ததும், ஏதாவது ஒரு சின்ன வரியை மேல் ஸ்தாயியில் மிக மிகச் சின்னக் குரலில் பாடிப் பாருங்கள், அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றி. சுத்தமாக எதுவரை வருகிறது என்று குறித்து வையுங்கள். வழக்கமான இடத்துக்கு முன்பே குரல் வராமல் வெறும் காற்று வந்தால், அல்லது ஒரு கணம் தாமதித்துச் சத்தம் வந்தால், நாணில் வீக்கம் இருக்கலாம். உரக்கப் பாடினால் இது தெரியாது, அழுத்தம் வீக்கத்தை மறைத்துவிடும். அன்றைக்கு உச்ச ஸ்வரங்களுக்கு லீவு. ரகசியம் பேசுகிற மாதிரி கிசுகிசுப்பதும் ஓய்வு இல்லை, பலருக்கு அதிலும் தொண்டை இறுகும். சும்மா இருங்கள். செருமுவதையும் நிறுத்துங்கள், செருமச் செருமத்தான் கமறல் கூடும், பதிலுக்கு ஒரு வாய் தண்ணீர் விழுங்கலாம்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காமிரா வைத்து நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிச்சு என்று சொன்னாலும் பயந்துவிட வேண்டாம், பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமல் குரல் பயிற்சியிலேயே கரையும்.

பாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குரல் போய்விட்டது, வலி இல்லை. மறுநாள் நிகழ்ச்சி.

நிகழ்ச்சியை விடுங்கள். நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம், அதற்கு வலி இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு சொல் பேசாமல் இன்றே மருத்துவரிடம் போங்கள். ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்பிடுபவராக இருந்தால் அதை எழுதிக் காட்டுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தொண்டைக்கு எதைக் குடித்தால் நல்லது?

எதைக் குடித்தாலும் அது உணவுக்குழாய் வழியாக இறங்குகிறதே தவிர நாணைத் தொடுவதில்லை. தண்ணீர் உடம்பில் சேர்ந்து அப்புறம்தான் அங்கே ஈரம் வரும், அதனால் மேடை ஏறும் முன் மடமடவென்று குடிப்பதில் பயன் குறைவு, காலையிலிருந்தே குடியுங்கள். ஆவி மட்டும் நேராகப் போய்ச் சேரும்.

மேடம், என் மகனுக்கு 14 வயது. 5 கட்டையில் பாடியவன், இப்போது குரல் உடைகிறது. பாட்டை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். சுருதியை இறக்குங்கள். பையன்களுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’ வரையான தூரம்) இறங்கும், வாரத்துக்கு வாரம் எல்லை மாறும், சில நாள் நடுவில் ஸ்வரங்களே காணாமல் போகும். வருகிற ஸ்வரங்களை வைத்துப் பாடட்டும், தாளமும் ராகமும் கற்றுக்கொள்ளட்டும். பழைய கட்டையை மறுபடி எட்டச் சொல்லாதீர்கள். உறவுக்காரர்கள் முன்னால் பாடச் சொல்லியும் படுத்தாதீர்கள், பாவம்.

6 கட்டையில் பாடினால்தான் போட்டியில் மதிப்பு என்கிறார்களே?

யார் என்கிறார்கள்? கீழ்ப் பஞ்சமமும் மேல் பஞ்சமமும் எந்தச் சுருதியில் ஒழுங்காக வருகிறதோ அதுதான் உங்கள் சுருதி.

கடைசியாக, மேடைக்கு முன் தொண்டையை மரத்துப்போக வைக்கிற மிட்டாய் போட்டுக்கொள்ளலாமா, வலி தெரியாது.

வலி தெரியாது என்பதால்தான் போட்டுக்கொள்ளக் கூடாது. வலிக்கிறது என்றால் அரைக் கட்டை இறக்கிப் பாடுங்கள், பக்கவாத்தியம் வாசிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.